சுத்தியல் விழுந்தவரின் பக்கம்: திரை நகைச்சுவையும் சிரிப்புக் கோட்பாடுகளும்

‘ஃப்ரெண்ட்ஸ்’ படம் 2001இல் வந்தது. ஒரு மாளிகையில் வெள்ளையடிக்கும் வேலையை எடுத்த, வடிவேலு நடித்த காண்ட்ராக்டர் நேசமணியின் தலையில், அவருடைய ஆளான கிருஷ்ணமூர்த்தியின் கைதவறிச் சுத்தியல் விழுகிறது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2019 மே மாதக் கடைசியில், கட்டுமானப் பொறியியல் தொடர்பான முகநூல் பக்கம் ஒன்று சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. பதில் சொன்ன தமிழர் ஒருவர் நேசமணியின் தலையில் விழுந்தது இதுதான் என்பதையும் சேர்த்து எழுதினார். உடனே நேசமணி உடல்நலம் தேறப் பிரார்த்திப்போம் என்ற அழைப்பு கிளம்பி, ட்விட்டரில் உலக அளவில் முன்னணிக்கு வந்துவிட்டது. இந்தச் சம்பவத்தைச் சமூக ஊடகத்தின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் சிரிப்பைப் பற்றி ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்திருக்கும் கோட்பாடுகளோடு சேர்த்துப் பார்த்தால் இது சங்கடமான சான்றாக நிற்கிறது. எதிர்பாராதது நடப்பதால் சிரிக்கிறோம் என்று ஒரு கோட்பாடு சொல்கிறது. இந்தக் காட்சியின் ஒவ்வொரு நொடியும் பிரார்த்தித்தவர்களுக்கு மனப்பாடம். பிறரைவிட நாம் மேல் என்று உணர்வதால் சிரிக்கிறோம் என்று இன்னொன்று சொல்கிறது. பிரார்த்தித்தவர்கள் நேசமணியைக் கீழே தள்ளவில்லை, அவரைத் தங்கள் வீட்டு ஆளாக ஏற்றுக்கொண்டார்கள். அடக்கிவைத்த இறுக்கம் வெளியேறுவதே சிரிப்பு என்பது மூன்றாவது கோட்பாடு. இத்தனை வருடங்களாகப் பார்த்துச் சலிக்காத ஒரு காட்சியில் அடக்கிவைக்க என்ன இறுக்கம் மிச்சமிருக்கும்? மூன்று கோட்பாடுகளும் முதல் பார்வைக்கே தடுமாறும் இடத்திலிருந்துதான், திரை நகைச்சுவை எதனால் சிரிக்கவைக்கிறது என்ற கேள்வியைத் தொடங்க வேண்டும்.

மேன்மைக் கோட்பாடுதான் மூன்றில் மூத்தது. தம்மைப் பற்றித் தாமே தவறாக எண்ணிக்கொள்ளும் பலவீனர்களைக் கண்டு சிரிக்கிறோம் என்று பிளேட்டோ எழுதினார். அந்தச் சிரிப்பில் வன்மம் கலந்திருப்பதாகவும் சொன்னார். நகைச்சுவை நாடகம் சராசரியைவிடத் தாழ்ந்த மனிதர்களைக் காட்டுவது, ஆனால் அந்தத் தாழ்வு வலியோ அழிவோ தராதது என்றார் அரிஸ்டாட்டில். இந்த இரண்டாவது நிபந்தனையைப் பின்னால் வந்தவர்கள் பலர் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் கோட்பாட்டை அதன் கூர்மையான எல்லைக்குக் கொண்டுபோனார். பிறருடைய குறையையோ நம்முடைய பழைய குறையையோ பார்த்து, இப்போது நாம் மேலே இருக்கிறோம் என்று சட்டெனத் தோன்றும் பெருமிதமே சிரிப்பு என்பது அவர் முடிவு. திரைப்படம் பிறந்தபோதே இதற்கு ஒரு சாட்சியும் பிறந்ததாகத் தோன்றும். 1895இல் லூமியேர் சகோதரர்கள் காட்டிய ஒரு நிமிடத்துக்கும் குறைவான படத்தில், தோட்டக்காரர் செடிக்குத் தண்ணீர் விடுகிறார். ஒரு பையன் பின்னால் வந்து குழாயை மிதிக்கிறான். நின்றுபோன தண்ணீரைத் தேடி அவர் குழாயின் வாயை உற்றுப் பார்க்க, பையன் காலை எடுக்கிறான். நமக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. ஹாப்ஸுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

வேண்டும் என்று 1725இலேயே பிரான்சிஸ் ஹட்சிசன் பதில் எழுதிவிட்டார். மேன்மை உணர்வே சிரிப்பைத் தருமென்றால் நத்தையையும் சிப்பியையும் பார்த்து நாள் முழுக்கச் சிரிக்கலாமே. துன்பத்தில் கிடக்கும் மனிதனைப் பார்த்தால் நமக்கு ஏன் அழுகை வருகிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஹாப்ஸின் வழியில் நின்று நல்ல பதில் சொல்ல முடியாது. தமிழ் மரபு இதே இடத்தை வேறு பாதையில் அடைந்திருக்கிறது. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்து, அது எள்ளலிலிருந்தும் இளமையிலிருந்தும் பேதைமையிலிருந்தும் மடனிலிருந்தும் பிறக்கும் என்கிறது. நான்கில் ஒன்றுதான் கேலி. பிள்ளைத்தனமும் அறியாமையும், ஒருவர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு விடாதிருக்கும் குணமும் மற்ற மூன்று. அந்தக் கேலியையும் உரையாசிரியர் பேராசிரியர் இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார்: தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறரால் எள்ளப்பட்ட நிலையில் தானே சிரிப்பது இன்னொன்று. சிரிப்பு தன்னிடத்தும் பிறக்கும், பிறரிடத்தும் பிறக்கும் என்று வடமொழி நாட்டிய சாத்திரமும் பகுத்திருக்கிறது. கேலிக்கு ஆளானவரின் பக்கத்திலிருந்தும் சிரிப்பு வரும் என்ற இந்தக் கவனிப்பு மேன்மைக் கோட்பாட்டின் வரலாற்றில் பெரும்பாலும் விடுபட்டுப்போனது. திரை நகைச்சுவையை விளக்க இதுவே மிக அவசியமான கருவி என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

அதற்குமுன், இன்று ஆய்வாளர்களிடையே அதிகச் செல்வாக்குள்ள பொருந்தாமைக் கோட்பாட்டைக் கடக்க வேண்டும். இழுத்துப் பிடித்த எதிர்பார்ப்பு சட்டென ஒன்றுமில்லாமல் போவதே சிரிப்புக்குக் காரணம் என்று 1790இல் காண்ட் எழுதினார். நாம் வைத்திருக்கும் கருத்துக்கும் கண்முன் நிற்கும் பொருளுக்கும் இடையிலான பிசகைத் திடீரென உணர்வதே சிரிப்பு என்றார் ஷோப்பன்ஹவர். 1972இல் உளவியலாளர் ஜெர்ரி சல்ஸ் இதை இரண்டு கட்டங்களாக்கினார்: முதலில் பொருந்தாத ஒன்று வந்து நம்மைக் குழப்புகிறது, பிறகு அதையும் பொருத்திவைக்கிற ஒரு விதி நமக்குப் பிடிபடுகிறது. இரண்டாவது கட்டம் இல்லையென்றால் மிஞ்சுவது குழப்பம் மட்டுமே. ‘கரகாட்டக்காரன்’ படத்தின் வாழைப்பழக் காட்சியை இந்த வாய்பாட்டுக்குப் பாடமாகவே வைக்கலாம். இரண்டு பழம் வாங்கக் காசு கொடுத்த கவுண்டமணியிடம் செந்தில் ஒரே ஒரு பழத்தோடு வந்து நிற்கிறார். ஒன்று இங்கே இருக்கிறது, இன்னொன்று எங்கே என்று கேட்டால், கையிலிருக்கும் இதுதான் அந்த இன்னொன்று என்கிறார். பதில் அபத்தம்; ஆனால் எண்ணிக்கையின் ஒரு கோணத்தில் அது சரியும்கூட. இரண்டில் ஒன்றைத் தின்றாகிவிட்டதால் மிஞ்சியது ‘இன்னொன்று’தான். எத்தனை முறை கேட்டாலும் அந்தத் தர்க்கத்தில் ஓட்டை கிடைக்காததால்தான் கவுண்டமணியின் கோபம் ஏறிக்கொண்டே போகிறது. கவுண்டமணி, செந்தில் இணைக்கு நகைச்சுவைப் பகுதிகளை எழுதியவர் ஏ. வீரப்பன். மொழியில் இத்தனை துல்லியமான பொறியைச் செய்துவைத்த எழுத்தாளரின் பெயர், அந்தக் காட்சியைச் சொல்லிச் சிரிப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது என்பது வருத்தத்துக்குரியது.

காட்சியின் அமைப்பைப் பொருந்தாமைக் கோட்பாடு திறந்து காட்டுகிறது. அந்தக் காட்சியை முப்பதாவது முறை பார்த்தும் ஏன் சிரிக்கிறோம் என்பதை அதனால் சொல்ல முடியவில்லை. புதிர் அவிழ்ந்துவிட்டது, விதி பிடிபட்டுவிட்டது. காண்ட் சொன்ன எதிர்பார்ப்பு முதல் முறையிலேயே ஒன்றுமில்லாமல் போய்விட்டது. இந்த ஆட்சேபத்துக்கு வழக்கமான பதில், மறுமுறை பார்க்கும்போது நாம் முதல்முறைச் சிரிப்பை நினைத்துச் சிரிக்கிறோம் என்பது. அது போதாது. சிரிப்பொலி, ஆதித்யா போன்ற தொலைக்காட்சிகள் பெரும்பாலும் பழைய காட்சிகளையே நாள் முழுக்க ஓட்டி நிலைத்திருக்கின்றன. மங்கிப்போன நினைவால் இத்தனை காலம் பார்வையாளரைப் பிடித்துவைக்க முடியாது. இதைவிட வலுவான மறுப்பு, முதல்முறையிலேயே எதிர்பாராமை இல்லாத காட்சிகளில் இருக்கிறது. 1932இல் வந்த ‘தி மியூசிக் பாக்ஸ்’ படத்தில் லாரலும் ஹார்டியும் நீண்ட படிக்கட்டில் ஒரு பியானோவை ஏற்றுகிறார்கள். அது உருண்டு கீழே வந்துவிடும் என்பது அவர்கள் முதல் படியில் கால்வைக்கும்போதே தெரிந்துவிடுகிறது. உருள்கிறது, மறுபடி ஏற்றுகிறார்கள், மறுபடி உருள்கிறது. ஒருவழியாக உச்சிக்குக் கொண்டுபோன பின், வண்டியிலேயே வர வேறு பாதை இருந்தது என்று தபால்காரர் சொல்ல, அவர்கள் பியானோவைக் கீழே இறக்கி அந்தப் பாதை வழியாக மறுபடி கொண்டுவருகிறார்கள். வரப்போவது என்னவென்று தெரிந்ததால் இங்கே சிரிப்பு குறையவில்லை, கூடுகிறது. அந்த இருவரும் எந்த விதியை நம்பி உழைக்கிறார்களோ அந்த நம்பிக்கையின் நேர்மையைத்தான் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

திரைக்கென்று தனியாக உள்ள பொருந்தாமையைத் தத்துவ ஆய்வாளர் நோயல் கரோல் நன்றாக வகுத்திருக்கிறார். ஒரே காட்சிக்கு இரண்டு பொருள் இருக்கும். பாத்திரத்துக்கு ஒன்று தெரியும், நமக்கு இரண்டும் தெரியும். 1987இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய, வசனமே இல்லாத ‘பேசும் படம்’ இதற்கு நம் பக்கத்துச் சான்று. ஆடம்பர ஓட்டலுக்குத் திருட்டுத்தனமாகக் குடிவந்த ஏழை இளைஞனுக்கு, அங்குள்ள அமைதியில் தூக்கம் வரவில்லை. தான் முன்பு இருந்த இடத்தில் இரவெல்லாம் கேட்ட இரைச்சலை ஒலிநாடாவில் பதிந்துவந்து ஓடவிட்டுத் தூங்குகிறான். அமைதியான அறை, அதில் இரைச்சலால் வரும் தூக்கம்: பொருந்தாமை வெளிப்படை. ஆனால் அதைப் பார்த்துச் சிரிக்கும்போது அந்த இளைஞன் நமக்கு முட்டாளாகத் தெரிவதில்லை. பழக்கத்தின் பிடி அத்தனை பேருக்கும் தெரிந்தது. பொருந்தாமை யாருக்கு நேர்கிறது, அவர் அதை எப்படிச் சமாளிக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கோட்பாடு பாதியில் நின்றுவிடும்.

‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் (1964) நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியை இந்தப் பாதியை நிறைவுசெய்யும் சோதனையாகக் கொள்ளலாம். படமெடுக்கத் துடிக்கும் மகன் செல்லப்பா, பணம் கொடுக்க மறுக்கும் அப்பா விசுவநாதன். மகன் ஒரு திகில் கதையைச் சொல்லத் தொடங்குகிறான். கதை என்று பார்த்தால் அதில் எதுவுமே இல்லை. கதவு, காலடி, இருட்டு இவற்றுக்கான ஓசைகளும் கையசைவுகளும்தான். அந்த நேரம் முழுக்கச் சிரிப்பு நாகேஷிடமிருந்து கிளம்பி பாலையாவின் முகத்தில் போய் முடிகிறது. பணத்தைக் கையில் பிடித்துவைத்திருக்கும் பெரிய மனிதர், தன் வீட்டுக் கூடத்தில், தன் மகனுக்கு எதிரே, வெறும் ஒலிகளுக்கு நடுங்குகிறார். நடுங்குவதை மறைக்கவும் பார்க்கிறார். படத்தின் இயக்குநர் ஸ்ரீதர் இதே கதையை 1966இல் இந்தியில் ‘ப்யார் கியே ஜா’ என்று எடுத்தபோது மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் அந்தக் காட்சியைச் செய்தார்கள். அங்கேயும் அது புகழ்பெற்றது. ஓசைகள் மொழி கடந்தவை என்பதால் மட்டும் இப்படி நடந்ததாகச் சொல்ல முடியாது. பயப்படாதவனாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையும் அந்த ஆசை கைவிடும் தருணமும் எந்த ஊர்ப் பார்வையாளருக்கும் விளங்குகின்றன. பாலையாவுக்குப் பதிலாகப் பயத்தை வெளிப்படையாகக் காட்டுகிற ஒருவரை அங்கே உட்காரவைத்தால் காட்சி படுத்துவிடும். கௌரவத்தைக் காப்பாற்றப் போராடும் முகம் இருந்தால்தான் பொருந்தாமை சிரிப்பாகிறது.

விடுபடல் கோட்பாட்டை ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1860இல் உடலியலாகச் சொன்னார்: திரண்ட நரம்பு ஆற்றலுக்குச் செலவழிய இடமில்லாதபோது அது சிரிப்பாக வெளியேறுகிறது. ஆற்றல் திரண்டு வழியும் இந்தச் சித்திரம் இன்றைய உடலியலுக்குப் பொருந்தாது. அதில் நெடுநேரம் நிற்கத் தேவையில்லை. 1905இல் ஃபிராய்டு, தடைசெய்யப்பட்ட ஆசைகளும் பகையும் வேடிக்கைப் பேச்சின் மறைவில் காவலைத் தாண்டி வெளிவருகின்றன என்றார். தமிழ்த் திரையில் முதலாளியையும் அரசியல்வாதியையும் கவுண்டமணி பேசிய பேச்சுகளுக்குக் கிடைத்த வரவேற்பில் இதன் உண்மை தெரிகிறது. ஆனால் நம் கேள்விக்கு அதிகம் உதவுவது, 1927இல் அவர் எழுதிய சிறிய கட்டுரை ஒன்று. திங்கட்கிழமை காலையில் தூக்குமேடைக்கு அழைத்துச் செல்லப்படுகிறவன், வாரம் நல்லபடியாகத்தான் தொடங்குகிறது என்று சொல்வதை அதில் எடுத்துக்கொள்கிறார். உலகம் தன்னைக் காயப்படுத்த முடியும் என்பதை அந்த மனிதனின் தன்னுணர்வு ஏற்க மறுக்கிறது. தோல்வி முழுதாக நடந்துவிட்டது; ஆனால் தோற்றவன் அதற்குக் கையெழுத்துப் போடவில்லை. ஃபிராய்டு இதை அரிய ஒரு மனநிலையாக, கேலியிலிருந்தும் கோமாளித்தனத்திலிருந்தும் வேறான ஒன்றாக வைத்தார். மிகச் சிறந்த திரை நகைச்சுவையாளர்கள் இந்த மனநிலையை உடலாலும் குரலாலும் நடித்துக் காட்டுகிறவர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. ‘திருவிளையாடல்’ படத்தின் தருமி அப்படிப்பட்டவர். ஆயிரம் பொன்னுக்கு ஏங்கும் ஏழைப் புலவர், கோயிலில் தனியாக நின்று புலம்புகிறார். தன் முன் நிற்பது யாரென்று தெரியாமலேயே அவரைக் கேள்வி கேட்டுச் சோதிக்கிறார். அரசவையில் பாட்டில் குற்றம் என்று வந்ததும், குற்றத்தின் அளவுக்குப் பரிசைக் குறைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள் என்று பேரம் பேசுகிறார். தோல்வியின் நடுவில் நின்று கணக்குப் பார்க்கும் அந்தப் பேரத்தில் நாகேஷ் தருமியைக் கெஞ்சுகிறவராகவும் விட்டுக்கொடுக்காதவராகவும் ஒரே நேரத்தில் நிறுத்துகிறார்.

அண்மைக் காலத்தில் பீட்டர் மெக்ராவும் கேலப் வாரனும் 2010இல் முன்வைத்த கோட்பாடு, பழைய மூன்றையும் ஒரு கூரையின் கீழ் கொண்டுவரப் பார்க்கிறது. ஒன்று மீறலாகத் தோன்ற வேண்டும். அதே நேரத்தில் தீங்கற்றதாகவும் தோன்ற வேண்டும். இரண்டும் ஒரே கணத்தில் மனத்தில் இருந்தால் சிரிப்பு வரும். அரிஸ்டாட்டில் போட்ட நிபந்தனை இங்கே திரும்பி வந்திருக்கிறது. 2012இல் அவர்கள் வெளியிட்ட தொடர் ஆய்வு, பெரிய துயரம் தொலைவுக்குப் போனால்தான் சிரிப்பாகிறது, சின்ன இடறலோ பக்கத்தில் இருந்தால்தான் சிரிப்பாகிறது என்று காட்டியது. திரைக்கு இது மிகவும் பொருத்தம். பஸ்டர் கீட்டனின் ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில் (1928) ஒரு வீட்டின் முகப்புச் சுவர் முழுதும் அவர்மேல் சாய்கிறது; திறந்திருந்த மாடி ஜன்னல் சரியாக அவர் நின்ற இடத்தில் இறங்க, அவர் நின்றபடியே இருக்கிறார். சுவர் நிஜமான கனத்தோடு விழுந்தது, படம் வெட்டில்லாமல் தூரத்திலிருந்து எடுக்கப்பட்டது. மீறலின் அளவையும் பாதுகாப்பின் உறுதியையும் ஒரே சட்டகம் காட்டுகிறது. இதே கணத்தைக் கண்ணருகே முகமாகவும் ஜன்னல் விளிம்பாகவும் துண்டாடி எடுத்திருந்தால் திகில் காட்சியாகியிருக்கும்.

இந்தக் கோட்பாட்டில் ஒரு முக்கியமான இடம் நிரப்பப்படாமல் இருக்கிறது. தீங்கில்லை என்று பார்வையாளருக்கு யார் உறுதி சொல்கிறார்? கீட்டனின் காட்சியில் கேமராவின் தூரம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான திரை நகைச்சுவையில் அந்த உறுதியைத் தருவது நமக்குப் பழகிய நடிகரின் முகமே. வடிவேலு திரைக்குள் வந்ததும், இவர் எவ்வளவு அடிவாங்கினாலும் எழுந்துவிடுவார், எழுந்ததும் நடந்ததை மறைத்து ஏதாவது பேசுவார் என்ற உடன்படிக்கை நமக்கும் அவருக்கும் நடுவில் ஏற்கனவே இருக்கிறது. 2003இல் வந்த ‘வின்னர்’ படத்தில் அவர் நடித்த கைப்புள்ளை ஒரு வாலிபர் சங்கத்துக்குத் தலைவர். எதிராளி வந்ததும் தரையில் ஒரு கோடு கிழித்து, இதைத் தாண்டி யாரும் வரக்கூடாது, நானும் வரமாட்டேன் என்று விதி போடுகிறார். விதியை அவரே உண்டாக்கினார், அவரே அதைக் கண்ணியத்தோடு மதிக்கிறார். அடிக்க வருகிறவனுக்கு அந்தக் கோடு ஒரு பொருட்டே இல்லை. என்றி பெர்க்சன் 1900இல் எழுதிய சிரிப்பு பற்றிய நூலில், உயிருள்ளதன்மேல் இயந்திரத்தனம் ஒட்டிக்கொள்வதே சிரிப்புக்குக் காரணம் என்றும், சிரிக்க வேண்டுமென்றால் இதயம் சற்று நேரம் மரத்துப்போக வேண்டும் என்றும் சொன்னார். கைப்புள்ளையின் வீறாப்பு ஒவ்வொரு முறையும் ஒரே தடத்தில் ஓடுவதால் முதல் பாதி பொருந்துகிறது. இரண்டாவது பாதியை ஏற்க முடியாது. இதயம் மரத்துப்போனவர்களுக்கு அடுத்த அடி விழும் முன்பே உடம்பு கூசாது. சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்தில் (1936) உணவூட்டும் இயந்திரம் பிடித்துக்கொண்ட தொழிலாளியைப் பார்க்கும்போதும் இதுதான் நடக்கிறது: இயந்திரத்தனம் முழுக்க இயந்திரத்திடம் இருக்கிறது, கட்டுண்ட மனிதனிடம் இருப்பது கண்கள் மட்டும். நம் சிரிப்பு அந்தக் கண்களோடு சேர்ந்துகொள்கிறது.

மேன்மைக் கோட்பாட்டுக்கு எதிரான மிக வலுவான சான்று மீம்களில் கிடைக்கிறது. தேர்வில் தோற்றவர், சம்பளம் வந்த மறுநாளே கை காலியானவர், வீட்டில் திட்டு வாங்கியவர் ஆகிய எல்லாரும் தங்கள் நிலையைச் சொல்ல வடிவேலுவின் முகத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அடிக்கிறவனின் முகத்தை யாரும் தனக்கென்று எடுப்பதில்லை. ஹாப்ஸ் சொன்னதுபோல் கீழே கிடப்பவனைப் பார்த்து வரும் பெருமிதம்தான் சிரிப்பென்றால், கீழே கிடப்பவனின் இடத்தை இத்தனை பேர் தாமாகக் கேட்டு வாங்கமாட்டார்கள். பேராசிரியர் சொன்ன இரண்டாவது வகை, எள்ளப்பட்டவர் சிரிக்கும் சிரிப்பு, இங்கே கோடிக்கணக்கான கைப்பேசிகளில் பொதுமொழியாகியிருக்கிறது. மறுமுறை பார்ப்பதன் புதிரும் இதனால் அவிழ்கிறது. தகவல் ஒரு முறைதான் புதிதாக இருக்கும். ஓர் ஆளோடு சேர்ந்து நிற்பது ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்யக்கூடிய செயல். தெரிந்த சுத்தியலுக்காகக் காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் நாம் நேசமணியின் பக்கத்தில் நிற்கிறோம்.

இதற்கு எதிராக இரண்டு ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். முதலாவது, சிரிப்பே காட்சியிலிருந்து வருவதில்லை, பக்கத்தில் இருப்பவர்களிடமிருந்து வருகிறது என்பது. ராபர்ட் புரோவைன் அன்றாட உரையாடல்களைக் கவனித்துப் பதிவுசெய்ததில், பெரும்பாலான சிரிப்புகள் எந்த வேடிக்கைப் பேச்சுக்கும் பின்னால் வந்தவை அல்ல என்றும், தனியாக இருப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது நாம் பல மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்றும் கண்டார். அமெரிக்கத் தொலைக்காட்சியும் இதை நம்பியே இயங்கியது. சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் 1950களில் உருவாக்கிய கருவி, பதிவுசெய்த சிரிப்பைத் தொடர்களில் தேவையான இடத்தில் சேர்த்தது. ஆனால் ‘மாஷ்’ தொடரில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். கொரியப் போரின் களமருத்துவமனையைக் காட்டும் அந்தத் தொடருக்குப் பதிவுச் சிரிப்பு வேண்டாம் என்று உருவாக்கியவர்கள் வாதாடினார்கள். ஒளிபரப்பு நிறுவனம் விடவில்லை. அறுவைச் சிகிச்சைக் கூடக் காட்சிகளில் மட்டும் சிரிப்பொலி கூடாது என்று கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். கூட்டம் சிரிப்பைப் பெருக்கும் என்பது உண்மை. எந்த இடத்தில் பெருக்கினால் மனம் ஏற்காது என்பதைக் காட்சியில் இருப்பவரின் நிலைதான் முடிவுசெய்கிறது என்பதும் அதே அளவு உண்மை.

இரண்டாவது ஆட்சேபம் கடினமானது. கொடுமையான நகைச்சுவையும் அரங்கை நிறைத்துச் சிரிக்கவைத்திருக்கிறதே? தமிழ்ப் படங்களில் கறுப்பு நிறம், பருத்த உடல், திக்குவாய், பெண்தன்மையுள்ள ஆண் என்று எத்தனையோ பேரின் உடல்கள் நேரடியாகச் சிரிப்புக்கு வைக்கப்பட்டன. சிரித்த கூட்டமும் பொய்யாகச் சிரிக்கவில்லை. அப்படியானால் ஹாப்ஸ்தானே சரி? பாதி சரி என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. எள்ளலின் முதல் வகை உண்டு, அதற்கு வலிமையும் உண்டு. கவுண்டமணி செந்திலின் உருவத்தைச் சொல்லித் திட்டிய திட்டுகளை அந்தக் காலத்து விளையாட்டு என்று மன்னித்துவிடக் கூடாது. ஆனால் அந்த இணையின் காட்சிகளில் இன்றும் உயிரோடு இருப்பவை எவை என்று பார்த்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. வாழைப்பழக் காட்சியில் அடிவாங்குவது செந்தில், வெல்வதும் அவர்தான். ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் (1984) பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலைச் செந்தில் உடைத்துவிடும் காட்சியிலும், எல்லாம் தெரிந்தவராகப் பெயர் வைத்துக்கொண்ட கடைக்காரரின் பெருமைதான் நொறுங்குகிறது. கீழே இருப்பவருக்கு அங்கே ஒரு கேள்வி இருக்கிறது, ஒரு தர்க்கம் இருக்கிறது. உடலை மட்டும் காட்டிச் சிரிக்கச் சொல்லும் காட்சிகளில் அந்த ஆளுக்கு எதுவும் இல்லை.

தீங்கற்ற மீறல் என்ற வாய்பாட்டுக்கும் இங்கே ஒரு திருத்தம் தேவை. தீங்கில்லை என்று யார் சொல்கிறார்கள் என்பதோடு, யாருக்குத் தீங்கில்லை என்றும் கேட்க வேண்டும். 2015இல் வந்த ‘ஐ’ படத்தில் திருநங்கைப் பாத்திரம் காட்டப்பட்ட விதத்தைக் கண்டித்துத் திருநங்கைகள் போராடினார்கள். அந்தப் பாத்திரத்துக்கு ஆசை இல்லாமல் இல்லை. நாயகன்மேல் காதல் இருந்தது. அந்தக் காதலே அருவருப்புக்கும் கேலிக்கும் உரியதாக வைக்கப்பட்டது. பார்வையாளர் அவர் பக்கம் போய் நிற்பதற்கான வழியைப் படம் அடைத்துவிட்டது. கைப்புள்ளையின் வெற்று வீறாப்புக்குக் கிடைத்த இடம் ஒரு திருநங்கையின் காதலுக்குக் கிடைக்கவில்லை என்றால், குறை பார்வையாளரின் நகைச்சுவை உணர்விலோ போராடியவர்களின் பொறுமையிலோ இல்லை, எழுத்தில் இருக்கிறது. இன்று நகைச்சுவை எழுதுகிறவர்கள் எதைத் தொட்டாலும் எதிர்ப்பு வருகிறது என்று வருந்துவதைக் கேட்கிறோம். அவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: யாரை அடிவாங்க வைக்கப்போகிறீர்களோ அவருக்கு என்ன வேண்டும், எதை விட்டுக்கொடுக்க அவர் மறுக்கிறார் என்பதை முதலில் எழுதுங்கள், சுத்தியலை அதற்குப் பிறகு விழவிடுங்கள்.